புது டயர் போட்டதும் மைலேஜ் ஏன் குறைகிறது?

போன ஐப்பசியில் என் காருக்கு நான்கு டயரையும் ஒரே நாளில் மாற்றினேன். பழையவை 48,000 கிலோமீட்டர் ஓடியவை. பட்டன் (தரையைத் தொடும் பள்ளமும் மேடுமான ரப்பர்) தேய்ந்துபோய், பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் மேடு கிட்டத்தட்ட மேல்மட்டத்துக்கே வந்துவிட்டது. அடைமழையில் அந்த டயரை நம்பிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக மனம் வரவில்லை. புது டயர் போட்ட பிறகு இரண்டு தடவை ஃபுல் டேங்க் அடித்துக் கணக்குப் பார்த்தேன். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 17-க்கு இறங்கியிருந்தது.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, “புது டயர்னா அப்படித்தான் சார், ஓட ஓட சரியாயிடும்” என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் எது சரியாகும், எது சரியாகாது, அந்த ஒரு கிலோமீட்டர் எங்கே போனது என்று விசாரித்துக்கொண்டே போனால் டயரைப் பற்றியும் வீலைப் பற்றியும் நாம் நம்பிக்கொண்டிருக்கும் பல விஷயங்களைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் டயர் எப்படிப் பெட்ரோலைக் குடிக்கிறது என்று பார்த்துவிடலாம். ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்தியதும் டயரின் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள். சுடும். வெயிலோ தார்ச்சாலையோ மட்டும் தந்த சூடு அல்ல அது. இரவில் ஓட்டினாலும் சுடும். டயர் உருளும்போது தரையைத் தொடும் பகுதி தட்டையாக அமுங்குகிறது, தரையை விட்டதும் மறுபடி வளைந்து பழைய உருவத்துக்கு வருகிறது. ரப்பரை அமுக்கச் செலவாகும் சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. கையிலிருந்து விட்ட ரப்பர் பந்து விட்ட உயரத்துக்கே திரும்பி எழுவதில்லையே, அதே கதைதான். திரும்பி வராத பங்கு சூடாகிவிடுகிறது. இதற்குத் தமிழில் உருளல் தடை என்று சொல்லலாம். டயர்த் துறையில் ரோலிங் ரெசிஸ்டன்ஸ் என்பார்கள். இந்தத் தடையில் மிகப் பெரும்பங்கு ரப்பர் இப்படி அமுங்கி எழுவதால் வருவதுதான். சாலையோடு டயர் உரசுவதால் வருவது கொஞ்சமே.

எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். 1,200 கிலோ எடையுள்ள கார், சாதாரண டயர் என்றால் தடை எடையில் ஏறத்தாழ 1 சதவீதம். அதாவது சமதரையில், எதிர்க்காற்றின் தடையே இல்லாவிட்டாலும், 12 கிலோ எடையைத் தூக்குகிற அளவு விசையோடு காரை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பத்தில் பாதியைத் தூக்கிக்கொண்டே நடப்பது போல. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இது 2,600 வாட். சக்கரத்துக்கு 650 வாட். வீட்டில் இருக்கிற இஸ்திரிப் பெட்டியும் கிட்டத்தட்ட அந்த அளவு மின்சாரத்தைத்தான் எடுக்கிறது. நான்கு சக்கரத்திலும் ஆளுக்கொரு இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சக்தி ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இன்ஜினின் சூட்டிலும் புகையிலும் போனது போக, சக்கரத்துக்கு வந்து சேருவது அதில் கால் பங்கு இருந்தால் பெரிது. அந்தக் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் பெட்ரோல் டயருக்கே போகிறது. லிட்டருக்கு 18 கொடுக்கும் கார் 100 கிலோமீட்டருக்குக் குடிப்பது ஐந்தரை லிட்டர். ஆக நான்கில் ஒரு பங்குக்கும் மேல் டயருடையது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் முத்திரை (லேபிள்) சட்டமும் 20 முதல் 30 சதவீதம் என்றுதான் சொல்கிறது.

சரி, என் 18 ஏன் 17 ஆனது?

முதல் காரணம் மீட்டர். ஓடோமீட்டர் தூரத்தை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று பெருக்கிச் சொல்கிறது. புது டயரில் பட்டன் 8 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். தேய்ந்த டயரில் 2 மில்லிமீட்டர். ஆரத்தில் 6 மில்லிமீட்டர் குறைந்தால், 310 மில்லிமீட்டர் ஆரமுள்ள டயருக்கு அது 2 சதவீதம். டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை நீளம் மாறாமல் பிடித்து வைத்திருப்பதால் சாலையில் அந்த வித்தியாசம் கொஞ்சம் குறைவாகவே தெரியும். எப்படியும், தேய்ந்த டயர் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும். மீட்டர் அதிக கிலோமீட்டர் காட்டும். மைலேஜ் ஏறியது போலத் தெரியும்.

பழைய டயரிலேயே ஒரு தடவை நாற்கரச் சாலையில் ஜி.பி.எஸ். வைத்துப் பார்த்திருந்தேன். ஜி.பி.எஸ். 100 கிலோமீட்டர் காட்டியபோது ஓடோமீட்டர் 102.5 காட்டியது. புது டயரில் அதே பரிசோதனை செய்தபோது 101. அப்படியானால் பழைய 18 உண்மையில் 17.6, புது 17 உண்மையில் 16.8. காணாமல் போன ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ கால் பங்கு எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை. மீட்டர் கொடுத்த இனாம், அவ்வளவுதான்.

மீதி உண்மையான இழப்பு. தடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோமே, அமுங்கி எழுகிற ரப்பரிலிருந்து. அதில் பெரும்பகுதி இருப்பது பட்டனில். பட்டன் தேயத் தேய அமுங்குவதற்கு ரப்பர் குறைகிறது, தடையும் குறைகிறது. தேய்ந்து முடிகிற நிலையில் இருக்கும் டயரின் தடை, புதிதாக இருந்தபோது இருந்ததைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு. உருளல் தடை 10 சதவீதம் மாறினால் எரிபொருள் செலவு 1 முதல் 2 சதவீதம் மாறும் என்பது இத்துறையில் பல காலமாகப் புழங்கும் கணக்கு. ஆகவே மொட்டை டயரைக் கழற்றிவிட்டுப் புது டயர் போட்டால், அதே கம்பெனி, அதே மாடல் என்றாலும் 3, 4 சதவீதம் மைலேஜ் இறங்குவது இயல்பு.

இதில் ஒரு ஆபத்து இருப்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். டயர் மிக அதிக மைலேஜ் கொடுக்கிற காலம், அது மழையில் மிகவும் ஆபத்தான காலம். சாலையில் நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். பள்ளம் இல்லாத டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. “நல்லா மைலேஜ் குடுக்குது, இன்னொரு மழைக்காலம் ஓட்டிடலாம்” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். 1.6 மில்லிமீட்டர் என்பது கடைசி எல்லை. பள்ளத்துக்குள் இருக்கிற மேடு அந்த எல்லையைத்தான் காட்டுகிறது.

அடுத்தது, நான் போட்டது அதே டயர் அல்ல. அளவு அதே, கம்பெனி வேறு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். புதுக் காரோடு வரும் டயரை கார் நிறுவனம் மைலேஜை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கிறது; எரிபொருள் விதிகளுக்கு அது பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே உருளல் தடை குறைந்த கலவையை டயர் நிறுவனத்திடம் கேட்டு வாங்குகிறது. நாம் கடைக்குப் போகும்போது விலையையும் எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்பதையும் மட்டும் கேட்கிறோம். ஒரே அளவுள்ள இரண்டு டயர்களுக்கு நடுவே தடையில் 25 சதவீதத்துக்கு மேலும் வித்தியாசம் இருக்கலாம். பார்த்தால் தெரியாது. தடவிப் பார்த்தாலும் தெரியாது.

கலவை என்று சொல்லிவிட்டேன், அதைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். டயரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

டயர் ரப்பரில் பல காலமாகக் கலந்து வந்தது கரித்தூள். டயரின் கறுப்பு நிறமே அதனால் வந்தது. அது ரப்பருக்கு உறுதியைக் கொடுத்தது; ஆனால் அமுங்கி எழும்போது நிறைய சூட்டையும் உண்டாக்கியது. சூட்டைக் குறைக்கும்படி கலவையை மாற்றினால் ஈரச் சாலையில் பிடிப்பு போனது. பிடிப்பைக் கூட்டினால் தடை கூடியது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: ரப்பர் சக்தியை விழுங்குவது. சாலையைப் பிடிப்பதற்கும் அந்த விழுங்கல் வேண்டும்.

இந்தச் சிக்கலில் ஒரு சின்ன சந்து இருந்தது. 80 கிலோமீட்டர் வேகத்தில் கார்ச் சக்கரம் நொடிக்குப் பதினோரு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். அதாவது உருளும்போது ரப்பரின் ஒவ்வொரு துண்டும் நொடிக்குப் பதினொரு தடவைதான் தரையில் அமுங்கி எழுகிறது. ஆனால் பிரேக் பிடித்து டயர் சறுக்கப் பார்க்கும்போது, சாலையில் உள்ள நுண்ணிய ஜல்லிப் பொருக்குகள் ரப்பரை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை, அதற்கு மேலும் அதிர வைக்கின்றன. மெதுவான அசைவில் சக்தியை விழுங்காமல், வேகமான அதிர்வில் மட்டும் விழுங்குகிற ரப்பர் கிடைத்தால்? இரண்டும் கிடைக்கும்.

அந்த வேலையைச் செய்தது சிலிகா. மணலில் இருக்கும் அதே சிலிகாவின் மிக நுண்ணிய வடிவம். அது தானாக ரப்பரோடு ஒட்டாது. ஒரு கை சிலிகாவையும் மறு கை ரப்பரையும் பிடித்துக்கொள்ளும் சிலேன் என்ற இணைப்புப் பொருள் வேண்டும். மிஷ்லின் நிறுவனம் 1992-ல் இந்தக் கலவையில் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. இன்றைக்கும் ஆய்வுக்கூடத்தில் புதுக் கலவையைச் சோதிக்கும்போது, 60 டிகிரி வெப்பத்தில் எவ்வளவு சக்தியை இழக்கிறது என்று பார்த்து உருளல் தடையை ஊகிப்பார்கள். 0 டிகிரிக்குப் பக்கத்தில் எவ்வளவு இழக்கிறது என்று பார்த்து ஈரப் பிடிப்பை ஊகிப்பார்கள். முதலாவது குறைய வேண்டும், இரண்டாவது கூட வேண்டும்.

“மைலேஜ் டயர் மழையில் வழுக்கும்” என்ற பேச்சு இப்படிப் பார்த்தால் பொய்யல்ல; ஒரு காலத்தில் முழு உண்மை. இன்றும் விலை மலிவான சில டயர்களுக்குப் பொருந்தும். எல்லா டயருக்கும் பொருந்தாது. அதனால்தான் ஐரோப்பாவில் டயரின் முத்திரையில் எரிபொருளுக்கு ஒரு எழுத்தும் ஈரப் பிடிப்புக்கு ஒரு எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுகிறார்கள். 2012-ல் தொடங்கிய முத்திரை அது. 2021-லிருந்து ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்தே படிகள். இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 142 என்ற தரத்தை 2022-ல் மத்திய அரசு விதியாக அறிவித்தது. உருளல் தடை, ஈரப் பிடிப்பு, உருளும் ஓசை மூன்றுக்கும் அது எல்லை வகுக்கிறது. எல்லை என்பது இதற்குக் கீழே போகாதே என்று சொல்வது மட்டும்தான். எது நல்லது என்று வாங்குபவருக்குச் சொல்லாது. ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திரம் கொடுக்கும் பி.இ.இ. அமைப்பு டயருக்கும் நட்சத்திர முத்திரையைத் தொடங்கியிருக்கிறது, விருப்பமுள்ள நிறுவனங்கள் மட்டும் சேரலாம் என்ற அளவில். அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஐந்து வருடம் ஓடப்போகும் டயரில் எத்தனை லிட்டர் பெட்ரோல் ஒளிந்திருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

இனி வீலுக்கு வருவோம். பக்கத்து வீட்டுத் தம்பி சமீபத்தில் ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கினான். 14 அங்குல இரும்பு ரிம், 165/80 டயர் (அகலம் 165 மில்லிமீட்டர், பக்கவாட்டுச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம்). அதை எடுத்துவிட்டு 16 அங்குல அலாய் போட ஆசை. “அண்ணே, அலாய் எடை கம்மிதானே, மைலேஜ் கூடும்னு சொல்றாங்களே?” என்று கேட்டான்.

அலுமினியம் இரும்பைவிட லேசானதுதான். ஆனால் 14 அங்குல இரும்பு ரிம்மோடு ஒப்பிட வேண்டியது 14 அங்குல அலாயை. 16 அங்குல அலாய் அளவில் பெரிது. பெரும்பாலும் எடையும் கூடும். அதன் மேல் ஏறுகிற டயரும் அகலமானது. சுற்றளவு விஷயத்தில் அவன் சொன்ன அளவு சரியாகவே இருந்தது. 165/80 டயரின் விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். 16 அங்குலத்துக்கு 195/55 போட்டால் அதுவும் ஏறத்தாழ 621. மீட்டர் குழம்பாது. ஆனால் டயர் 30 மில்லிமீட்டர் அகலமாகிவிட்டது. நான்கு சக்கரமும் சேர்த்து 12 சென்டிமீட்டர் கூடுதல் ரப்பர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. சக்கரத்தில் ஒரு கிலோ கூடினால் காரில் நாலு கிலோ, எட்டு கிலோ கூடினதற்குச் சமம் என்று சொல்வார்கள். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. சக்கரம் காரோடு சேர்ந்து முன்னே போகவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். எடை முழுவதும் வெளி விளிம்பிலேயே இருந்தாலும் அது இரண்டு மடங்குக்கு மேல் போகாது. சக்கரத்துக்கு 3 கிலோ வீதம் 12 கிலோ கூடியது என்றால், வேகமெடுக்கும்போது அதிகபட்சம் 24 கிலோ. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒன்று கூட ஏறிக்கொண்டது போல. சீரான வேகத்தில் போகும்போது அதுவும் இல்லை, வெறும் 12 கிலோதான். நகர நெரிசலில் கொஞ்சம் தெரியும். நெடுஞ்சாலையில் தெரியவே தெரியாது.

அப்புறம் ஏன் பெரிய வீல் போட்ட கார்கள் மைலேஜ் இழக்கின்றன? டொயோட்டா பிரியஸ் இதற்கு நல்ல உதாரணம். 2023 மாடலில் ஒரே இன்ஜின், ஒரே ஹைப்ரிட் அமைப்பு. அமெரிக்க அரசின் சோதனையில் 17 அங்குல வீல் உள்ள அடிப்படை வகை கேலனுக்கு 57 மைல். 19 அங்குல வீல் உள்ள மேல் வகைகள் 52 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 24.2-லிருந்து 22.1. கிட்டத்தட்ட 9 சதவீதம். மேல் வகைகளில் கூடுதல் வசதிகளால் எடையும் கொஞ்சம் ஏறுகிறது, அதனால் முழுப் பழியையும் வீல் மேல் போட மாட்டேன். ஆனால் டயர் அகலம் இரண்டிலும் 195 தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அகலம் மாறாமலேயே இவ்வளவு. அப்படியானால் வீலின் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கார் காற்றோடு போராடுவதில் ஏறத்தாழ கால் பங்கு சக்கரங்களாலும் சக்கரம் இருக்கும் குழிகளாலும் வருகிறது. இடைவெளி விட்டு ஐந்து கால் வைத்த அலாய், மின்விசிறி மாதிரி காற்றைக் கடைந்துகொண்டே போகும். மூடிய வீல் அப்படிச் செய்யாது. அந்த 17 அங்குல பிரியஸில் அலாயின் மேலேயே ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள். பார்க்க மலிவாகத் தெரியும். காரணத்தோடு போட்டது. நம் ஊரில் வீல் கப் கழன்று விழுந்தால் திரும்ப மாட்டாமல் விடுகிறோமே, அதை மாட்டிவிடுவது நல்லது.

மின்சாரக் காரில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். இன்ஜின் சூட்டில் வீணாகும் பெரும்பங்கு அங்கே இல்லாததால் டயரும் காற்றும் தின்பது கணக்கில் பளிச்சென்று நிற்கும். டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் முதலில் வந்தபோது 19 அங்குல வீலில் 396 மைல் தூரம், 21 அங்குல வீலில் 348 மைல் என்று சான்றளிக்கப்பட்டது. ஒரே பேட்டரி. 77 கிலோமீட்டர் வித்தியாசம்.

இதைப் படித்துவிட்டுப் பெரிய சக்கரம் என்றாலே கெடுதல் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பி.எம்.டபிள்யூ. ஐ3 காருக்கு 19 அங்குல வீல்தான் போட்டார்கள், ஆனால் டயர் அகலம் 155. மாட்டுவண்டிச் சக்கரம் போல உயரமும் ஒல்லியும். விட்டம் பெரிதானால் டயர் தரையில் மென்மையாக வளைகிறது, தடை குறைகிறது. ஒல்லியானதால் காற்றும் குறைவாகத் தடுக்கிறது. தம்பியின் ஸ்விஃப்ட்டில் இந்த வழி கிடையாது. வெளி விட்டம் மாறக் கூடாது என்பதால் ரிம் பெரிதாகப் பெரிதாக டயர் அகலமாகவும் பக்கவாட்டுச் சுவர் குட்டையாகவும் மட்டுமே ஆக முடியும். அழகுக்காகப் போடுவதென்றால் போடட்டும், அது அவன் விருப்பம். மைலேஜுக்காக என்று மட்டும் போட வேண்டாம் என்றேன். இப்போதைக்கு 14-லேயே நல்ல டயராகப் போட்டிருக்கிறான்.

என் காருக்குத் திரும்புகிறேன். டயர் மாற்றிய மறுநாள் காலை சொந்த கேஜை வைத்துக் காற்றழுத்தத்தைப் பார்த்தேன். முன்னால் இரண்டும் 28 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு), பின்னால் ஒன்று 36, இன்னொன்று 31. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் 33 என்று இருக்கிறது. நான்கு டயரிலும் சேர்த்து சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. பெரிய தொகை அல்ல. ஆனால் காற்று குறைந்த டயர் கோடையில் நெடுஞ்சாலையில் சூடேறி வெடிப்பதற்கும் அதே அமுங்கல்தான் காரணம் என்பதை நினைத்தால் பைசாக் கணக்கு இரண்டாம்பட்சமாகிவிடும். அதற்காக 40-க்கு ஏற்றிவிடுவதும் தப்பு; நடுப்பகுதி மட்டும் தேயும், மழையில் பிடிப்பு குறையும். நைட்ரஜன் பற்றிக் கேட்பீர்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். கசிவு கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவே. மைலேஜைத் தீர்மானிப்பது எந்த வாயு என்பதல்ல, எவ்வளவு அழுத்தம் என்பது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 45,000 கிலோமீட்டர் உழைக்கும் டயர், லிட்டருக்கு 18 என்றால் அதன் ஆயுளில் 2,500 லிட்டர் பெட்ரோல். தடை குறைந்த டயரால் 3 சதவீதம் மிச்சமானாலும் 75 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,500 ரூபாய். கடையில் டயருக்கு 500 ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேசினேன். நாலு டயருக்கும் சேர்த்து அது 2,000.

இப்போது அந்த டயர் 6,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதம் ஒருமுறை காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கையும் பார்த்து 33-ல் வைக்கிறேன். புதுரப்பரின் விறைப்பும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. போன வாரம் ஃபுல் டேங்க் கணக்கில் 17.4 வந்தது.